ஜன்னல் பெரிதாக இருந்தும் அறை ஏன் இருட்டாக இருக்கிறது? சன்ஷேடுதான் காரணமா?

ஜன்னலின் அகலத்தைவிட அதன் மேல் விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். அந்த உயரத்தைப்போல் சுமார் இரண்டு மடங்கு தூரம் வரைதான் பகல் வெளிச்சம் உபயோகமாக உள்ளே வரும் என்பது கட்டடக் கலைஞர்களின் பொதுக் கணக்கு. நம் வீடுகளில் லிண்டல், அதாவது ஜன்னலின் மேல் விளிம்பை ஒட்டி வரும் கான்கிரீட் பட்டை, பெரும்பாலும் தரையிலிருந்து 7 அடியில் இருக்கும். எனவே 14 அடிக்கு அப்பால் மங்கல்தான். ஜன்னலை அகலப்படுத்துவதைவிட மேலே ஒரு வென்டிலேட்டர் திறப்பது நல்ல பலன் தரும்.

சன்ஷேடு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கும், உண்மைதான். ஆனால் அது இல்லாமல் வெயில் நேராக அடித்தால் கண் கூசும், திரையை இழுத்துவிட்டுப் பகலிலேயே லைட் போடுவோம். அதைவிடச் சன்ஷேடு எவ்வளவோ மேல்.

அது எந்தத் திசைக்கு என்று பார்க்க வேண்டும். சென்னையில் டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். அப்போது 3 அடி சன்ஷேடு, அதற்கு நேர் கீழே உள்ள 4 அடி உயரத் தெற்கு ஜன்னல் முழுவதற்கும் நிழல் தந்துவிடும். மேற்கு ஜன்னலுக்கு இது உதவாது. மாலை வெயில் தாழ்வாக, சாய்ந்து வரும். எவ்வளவு நீட்டினாலும் அடியில் நுழைந்துவிடும். அங்கே செங்குத்துப் பலகைகள், ஜாலி எனப்படும் துளைகள் உள்ள தடுப்பு, மூங்கில் தட்டி, அல்லது ஒரு மரம் வேண்டும். எதுவானாலும் கண்ணாடிக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே தொங்கும் திரை வெளிச்சத்தை மறைக்கும், ஆனால் வெப்பம் ஏற்கெனவே அறைக்குள் வந்திருக்கும்.

அப்புறம், கூரையின் உட்புறத்துக்கு வெள்ளை அடியுங்கள். செலவு குறைவு, பலன் உடனே தெரியும்.