சொந்தம் பெரிதா, சின்னம் பெரிதா?

கேள்வி: ஐயா, தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் தாமான் குடியிருப்பில், தேர்தல் வந்தால் சொந்தக்காரர்களே முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கோவில் திருவிழாக் குழுவில்கூட எந்தக் கட்சி ஆள் என்று விசாரித்த பிறகுதான் சேர்க்கிறார்கள். அரசியல் சந்தோஷமான காரியமாக இருக்கவே முடியாதா?
(ஒரு வாசகி, சுங்கை சிப்புட், பேராக், மலேசியா)

பதில்: நிச்சயமாக முடியும் அம்மா. கட்சிக்குக் கட்டுப்பட வேண்டியவர் அதன் சின்னத்தில் நின்று வென்றவரே தவிர வாக்காளர் அல்லர். 2022 அக்டோபரில் நடப்புக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டமும், கட்சியை விட்டு விலகும் நாடாளுமன்ற உறுப்பினரின் பதவியைத்தான் பறிக்கிறது. 1974 முதல் தேசிய முன்னணியின் சாமிவேலுவைத் தேர்ந்தெடுத்து வந்த உங்கள் தொகுதி 2008இல் எதிரணியின் டாக்டர் மைக்கல் ஜெயக்குமாரைத் தேர்ந்தெடுத்தது. அதனால் யாரும் யாருக்கும் துரோகம் செய்துவிடவில்லை. 2022 நவம்பர் 19 தேர்தல் வரை செராமா எனும் பிரசாரக் கூட்ட மேடைகளில் ஒருவரையொருவர் சாடிய நம்பிக்கைக் கூட்டணியும் தேசிய முன்னணியும், எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காத நிலையில், டிசம்பர் தொடக்கத்தில் ஒரே அமைச்சரவையில் அமர்ந்துவிட்டன. அவர்களுக்காகச் சண்டையிட்ட சொந்தங்கள் மட்டும் இன்னும் பேசாதிருப்பது எனக்கு மிகுந்த வேதனையளிக்கிறது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் இன்றுவரை திரும்பவில்லை. நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. ஆகவே, கால்வாய் அடைத்துக்கொண்டாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் மக்கள் கட்சிக் கிளைத் தலைவரைத் தேடிப் போகிறார்கள், அந்த நன்றிக்கடன் நாளடைவில் கட்சி விசுவாசமாகிவிடுகிறது. தமிழ்ப்பள்ளியில் கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுப்பணி நடக்கும் நாளில், ஒருவர் சாயம் பூச, ஒருவர் புல் வெட்ட, பெண்கள் மீ கோரெங் பிரட்ட, எவரும் எவரிடமும் கட்சியைக் கேட்பதில்லை என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தக் கலகலப்புதான் அரசியலுக்கும் வர வேண்டும்.

தேர்தலுக்குக் காத்திராமல், தாமான் மண்டபத்தில் ஒரு மாலை கூடுங்கள். கொடியும் மாலை மரியாதையும் வேண்டாம். எல்லாக் கட்சிக் கிளையினரையும் நகராண்மைக் கழக உறுப்பினரையும் அழைத்து, ஆளுக்கு ஐந்து நிமிடம் மட்டும் கொடுத்துவிட்டு, மீதி நேரத்தை மக்களிடம் விடுங்கள். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் முதலில் கேட்கட்டும். சாப்பாட்டை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து, பேசி முடித்ததும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். பதில் கிடைக்காத கேள்விகளை மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைத்து, மூன்று மாதம் கழித்து அதே ஆட்களை மறுபடியும் அழையுங்கள்.