டிராக்டர் மேனிபோல்டில் துரு: தூக்கி எறியவும் வேண்டாம், ஆசிட்டில் போடவும் வேண்டாம்

கேள்வி: அப்பா வாங்கிய மூன்று சிலிண்டர் டீசல் டிராக்டரை மறுபடியும் ஓட்டத்துக்குக் கொண்டுவர முயல்கிறோம். கழற்றி மாட்டுக்கொட்டகையில் போட்டிருந்த எக்ஸாஸ்ட் மேனிபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்) முழுவதும் துருப் பிடித்து, தட்டினால் செதில் செதிலாக உதிர்கிறது. பாத்ரூம் ஆசிட்டில் ஊறப் போடும்படி மெக்கானிக் சொல்கிறார். உதிரிபாகத் தரகர் ஒருவரோ, இது தேறாது, இதைக் கொடுத்துவிட்டு மேலே 3,000 ரூபாய் தந்தால் புதிதுபோல ஒன்று தருகிறேன் என்கிறார். வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே இதைச் சுத்தம் செய்ய முடியுமா?
- குடியாத்தம் அருகிலிருந்து ஒரு வாசகர்

பதில்: முடியும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) ஒரு பிளாஸ்டிக் டிரம்மும் போதும். ஆனால் அதைத் தொடங்குவதற்கு முன், அந்தத் தரகரிடம் மேனிபோல்டைக் கொடுக்கப்போவதில்லை என்று இன்றே சொல்லிவிடுங்கள்.

உங்கள் மேனிபோல்டு வார்ப்பிரும்பால் ஆனது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு உப்பி நிற்கும் என்பதால், கைநிறையச் செதில் உதிர்ந்தாலும் உண்மையில் போன இரும்பு மிகக் குறைவாகவே இருக்கும். கொட்டகையின் ஈரமும் மாட்டு மூத்திரத்தின் உப்பும் சேர்ந்து மேல்தோலைக் கெடுத்திருக்கின்றன. உள்ளே இருக்கும் கனம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தரகருக்கு இது நன்றாகவே தெரியும். உங்களுக்குத் தெரியாது என்பதுதான் அவருடைய முதலீடு. உங்களிடம் இரும்புக் கடை விலைக்கு எடுத்ததைச் சுத்தம் செய்து வேறொருவருக்குப் புதிதுபோல விற்பதும், வேறொருவரிடம் எடுத்த விரிசல் விட்ட ஒன்றை உங்கள் தலையில் கட்டுவதும்தான் இந்த மாற்று வியாபாரத்தின் முழு இரகசியம். விரிசலை எபாக்சிப் புட்டியால் அடைத்து, மேலே சில்வர் பெயின்ட் அடித்துவிட்டால், கடையில் வைத்துப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. இன்ஜின் ஓடிச் சூடேறியதும் அந்தப் புட்டி கருகி விழும். அப்போது தரகர் தொலைபேசியை எடுக்க மாட்டார். பெயின்ட் அடித்த பழைய மேனிபோல்டை எவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். துருப் பிடித்தது பரவாயில்லை, ஏனென்றால் அதில் புட்டியும் பெயின்டும் பூசி எதையும் மறைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்து ஆசிட். கழிவறை கழுவ பாட்டிலில் விற்கும் அந்த ஆசிட், ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது துருவைக் கரைக்கும் என்பதில் ஐயமில்லை. துரு தீர்ந்த பிறகு நல்ல இரும்பையும் அதே வேகத்தில் கரைக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. வார்ப்பிரும்பின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றுக்குள் இறங்கும் குளோரைடை எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் முழுவதுமாக வெளியேற்ற முடியாது. அதனால்தான் ஆசிட்டில் பளபளத்த மேனிபோல்டு ஒரே வாரத்தில் முன்பைவிட அதிகமாகச் சிவக்கிறது. அதன் புகை பக்கத்தில் இருக்கும் ஸ்பேனர்களையும் துருப்பிடிக்க வைக்கும், உங்கள் நுரையீரலையும் விட்டுவைக்காது. அதோடு பிளீச்சிங் பவுடரைக் கலந்துவிட்டால் எழுவது குளோரின் வாயு. அது உயிருக்கே ஆபத்து. இரும்பின் துளைகளில் குளோரைடு தங்கிவிடும் என்பதால்தான், வினிகரிலோ புளியிலோ சமையல் உப்பைச் சேர்க்கச் சொல்லும் யோசனையையும் நான் ஏற்பதில்லை. பித்தளைக் குத்துவிளக்கைப் புளியும் உப்பும் வைத்துத் தேய்த்துப் பழகிய கை, இரும்புக்கும் அதையே செய்யப் போகும். பித்தளைக்கு அது சரி, இரும்பில் உப்பு துருவுக்கு விதை.

இனி வேலைக்கு வருவோம். முதலில் உதிரும் செதில்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து நீக்குங்கள். கண்ணாடியும் முகமூடியும் அணிந்துகொள்ளுங்கள். இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டோடு பொருந்தும் முகப்பில் பழைய கேஸ்கட் (இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் தகடு) ஒட்டியிருந்தால், அந்தக் காலத்துக் கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு என்பதால், தண்ணீரில் நன்றாக நனைத்த பிறகே சுரண்ட வேண்டும். கிரைண்டரை அந்த முகப்பின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும் இடத்தில் அமிலம் வேலை செய்யாது. எனவே சலவை சோடா கலந்த வெந்நீரில் கழுவி எடுங்கள்.

பிறகு மேனிபோல்டு முழுவதும் மூழ்கும் அளவுள்ள பிளாஸ்டிக் டிரம் ஒன்றில், லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை எலுமிச்சை உப்பைக் கரைத்து, அதில் மேனிபோல்டை இறக்குங்கள். பாதி மூழ்கிப் பாதி வெளியே நின்றால், நீர்மட்டத்தில் ஒரு கோடு போல இரும்பு அரித்துவிடும். எலுமிச்சை உப்புக்குப் பதிலாகக் கடையில் விற்கும் வெள்ளை வினிகரையும் ஊற்றலாம், அதுவும் வேலை செய்யும். ஆனால் ஒரு டிரம் நிரப்ப எத்தனை பாட்டில் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் எலுமிச்சை உப்பின் அருமை தெரியும். குளிர்பானத்தில் ஊற வைக்கும் வித்தையைச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் பணக்காரர்களாக இருக்க வேண்டும். புளிக்கரைசல் சிறு இடங்களில் பூசித் தேய்க்க உதவும், இவ்வளவு பெரிய வார்ப்புக்குப் போதாது.

குமிழி எழுவதைப் பார்ப்பீர்கள், அது ஹைட்ரஜன். டிரம்மை இறுக மூடாதீர்கள், பக்கத்தில் பீடி பற்ற வைக்காதீர்கள். 12 மணி நேரம் கழித்து எடுத்துத் தேய்த்துப் பார்த்து, துரு மிச்சமிருந்தால் மறுபடி இறக்கலாம்; ஒரு பகல் ஓர் இரவு போதுமானது. இரண்டு நாள் மறந்துவிட்டால் நல்ல இரும்பும் கணிசமாகக் கரைந்துவிடும். வெளியே எடுக்கும்போது கையில் மைபோலக் கறுப்பாக ஒட்டும், பயப்பட வேண்டாம். அது வார்ப்பிரும்பில் இயல்பாகவே இருக்கும் கிராஃபைட் கரி.

அவசரமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. என் மனத்துக்குப் பிடித்ததும் அதுதான். கரும்பாலையின் கழிவுப்பாகான மொலாசஸை ஒன்றுக்குப் பத்து என்று தண்ணீரில் கலந்து, ஓரிரு வாரம் ஊறப் போட்டால், அது துருவை மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டு, நல்ல இரும்பை ஏறக்குறைய தொடாமல் விட்டுவிடும். ஆனால் தமிழ்நாட்டில் மொலாசஸ் 1958ஆம் ஆண்டு விதிகளின்படி மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அம்முண்டி ஆலைக்கு வண்டி வண்டியாகக் கரும்பு வெட்டி அனுப்பும் விவசாயி, தன் கரும்பிலிருந்து வந்த பாகில் ஒரு வாளியைத் தன் டிராக்டருக்காகக் கேட்டால் உரிமம் எங்கே என்பார்கள். சாராயம் காய்ச்சுவதைத் தடுக்க வந்த விதி, துரு எடுப்பவனையும் சேர்த்துத் தடுக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரமோ பொறுமையோ மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இல்லை. எனவே, விலை போகாத கறுப்பு வெல்லத்தை ஒரு கிலோவுக்குப் பத்து லிட்டர் என்று கரைத்துப் பயன்படுத்துங்கள். மொலாசஸைவிட மெதுவாகத்தான் வேலை செய்யும். காளஹஸ்தியில் கலம்காரித் துணிக்குக் கறுப்புச் சாயம் எடுப்பவர்கள், துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் நாள்கணக்கில் புளிக்க வைத்து எடுப்பதும் இதே வேதியியல்தான். நாற்றம் கடுமையாக இருக்கும், வீட்டுக்காரர்களின் சம்மதம் பெற்றுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். உங்கள் டிராக்டருக்கு அது பொருந்தாமல் போகலாம். ஆனால் இதைப் படித்துவிட்டுப் பெட்ரோல் காரின் மேனிபோல்டைத் தூக்கிக்கொண்டு டிரம்மை நோக்கி நடக்கப்போகிறவர்கள் இருக்கிறார்கள். பல பழைய பெட்ரோல் இன்ஜின்களில் காற்று உள்ளே போகும் மேனிபோல்டும் புகை வெளியே வரும் மேனிபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டாவது வார்ப்பிரும்பு, முதலாவது அலுமினியமாக இருக்கக்கூடும். பல வருட அழுக்கு ஏறிவிட்டால் இரண்டும் ஒரே நிறம். இரண்டையும் சேர்த்தே கரைசலில் போட்டால், இரும்பு சுத்தமாகி வரும், அலுமினியம் சொறி பிடித்து வரும். மொலாசஸ் மென்மையானது என்று நம்பி இரண்டு வாரம் விட்டால் நிலைமை இன்னும் மோசம். சலவை சோடாவும் அலுமினியத்தை அரிக்கும், ஆகவே முதல் கழுவலிலேயே கேடு தொடங்கிவிடும். எனவே காந்தம் ஒன்றை எடுத்து, ஓர் இடத்தில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாமல், ஒவ்வொரு குழாயிலும், ஒவ்வொரு விளிம்பிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத துண்டு எதுவாக இருந்தாலும் அதைக் கழற்றித் தனியே வையுங்கள். கழற்ற வரவில்லையென்றால் ஊறப்போடும் எண்ணத்தையே விட்டுவிட்டு, இரும்புப் பகுதியில் மட்டும் எலுமிச்சை உப்புக் கரைசலில் நனைத்த துணியைச் சுற்றி வையுங்கள். டிரம்முக்கும் இதே எச்சரிக்கைதான்: அலுமினிய அண்டாவோ துத்தநாகம் பூசிய வாளியோ கூடாது.

பேட்டரி சார்ஜரும் சலவை சோடாவும் வைத்து மின்சாரத்தால் துரு எடுக்கும் முறையை, வீட்டில் செய்யச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. முறை நல்லதுதான், ஆனால் மறுமுனைக்குக் கையில் கிடைத்த எவர்சில்வர் தட்டை மாட்டிவிடுவார்கள். அப்படி மாட்டினால் தண்ணீரில் ஹெக்சாவேலன்ட் குரோமியம் என்னும் நஞ்சு கலக்கும். ராணிப்பேட்டை சிப்காட்டில், மூடிப்போன குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற மலைபோன்ற கழிவில் இருப்பதும் அந்த நஞ்சுதான். நிலத்தடி நீரை அது என்ன செய்தது என்பதை நம் பகுதிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆண்டுகள் பல கடந்தும் அதை அப்புறப்படுத்த வழி காணாதவர்கள், உங்கள் வீட்டு வாளியையா வந்து பார்க்கப் போகிறார்கள்? எலுமிச்சை உப்புக் கரைசலில் அந்த ஆபத்து இல்லை. வேலை முடிந்ததும் கொஞ்சம் சுண்ணாம்பு கலந்து புளிப்பை அடக்கி, கிணற்றுக்கும் கால்வாய்க்கும் தள்ளி வெறும் தரையில் ஊற்றிவிடலாம்.

கரைசலிலிருந்து எடுத்ததும், சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒருமுறையும் நல்ல தண்ணீரில் இருமுறையும் உள்ளும் புறமும் அலசி, அந்தக் கணமே உலர்த்த வேண்டும். சுத்தமான இரும்பு ஈரத்தோடு அரைமணி நேரம் நின்றால் மஞ்சள் பூத்துவிடும். கொதிக்கும் தண்ணீரைக் கடைசியாக ஊற்றி, வேலூர் மாவட்டத்து மத்தியான வெயிலில் வைத்தால் போதும். நம்மூர் வெயில் இதற்காவது பயன்படட்டும்.

இப்போதுதான் தரகர் சொன்னது பொய்யா மெய்யா என்று தெரியும். மேனிபோல்டைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். ஒலி அடங்கியிருந்தால் விரிசலைத் தேடுங்கள்: மேற்பரப்பில் டீசல் பூசி, சிறிது நேரம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தடவினால், விரிசலுக்குள் ஒளிந்திருந்த டீசல் கசிந்து கோடாகக் காட்டும். மண்ணெண்ணெய் இதற்கு இன்னும் நல்லது, ரேஷனில் அது கிடைப்பதே அரிதாகிவிட்டதால் டீசலைச் சொல்கிறேன். கோடு தெரிந்தால், வார்ப்பிரும்பு வெல்டிங் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். முன்கூட்டியே சூடேற்றாமல் சாதாரண வெல்டிங் ராடு வைத்தால் பக்கத்திலேயே புது விரிசல் பிறக்கும். முகப்பின் மேல் நேரான இரும்புப் பட்டையை வைத்து, அடியில் எழுதும் தாளைச் செருகிப் பாருங்கள். ஒரு தாள் நுழைந்தால் கேஸ்கட் சமாளிக்கும், மூன்று சேர்ந்து நுழைந்தால் லேத் பட்டறையில் ஃபேசிங் (முகப்பைச் சமமாகச் சீவுதல்) செய்ய வேண்டும்.

பூச்சுக்குச் சாதாரண எனாமல் கூடாது, முதல் உழவிலேயே கருகிவிடும். 600 டிகிரி வெப்பம் தாங்கும் என்று டப்பாவில் அச்சிட்ட பெயின்டை மெல்லியதாக இருமுறை அடியுங்கள்; முகப்பில் படக் கூடாது. புதுக் கேஸ்கட் வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று சுற்றாக முடுக்குங்கள். முதல் முறை ஓடும்போது பெயின்ட் புகையும். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி ஓடவிட்டு, இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு நட்டுகளை மறுபடியும் ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.