வக்கீல் இல்லாமல் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாமா?

சம்மனே வராமல் கடன் வழக்கில் நீங்கள் ஆஜராகாமலேயே எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்ச) தீர்ப்பாகிவிட்டது, வக்கீல் வைக்க வசதியில்லை என்கிறீர்கள். உங்கள் வழக்கை நீங்களே நடத்தலாம்; தடையில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 9, விதி 13-இன்படி, தீர்ப்பளித்த அதே நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரத்துடன் ரத்து மனு தாக்கல் செய்யுங்கள். கெடு 30 நாள். சம்மன் முறைப்படி உங்களிடம் சேர்ப்பிக்கப்படாதிருந்தால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. அந்தத் தேதியைத் தவறாமல் குறிப்பிடுங்கள்.

அதற்கு முன் வழக்குக் கட்டில் அமீனாவின் (சம்மன் கொண்டுவரும் நீதிமன்ற ஊழியரின்) அறிக்கையைத் தேடிப் படியுங்கள். 'கதவு பூட்டியிருந்தது, ஒட்டினேன்' என்றிருக்கலாம். அது நீங்கள் எப்போதோ காலிசெய்த வீட்டுக் கதவு என்றால், அதுவே உங்கள் துருப்புச்சீட்டு. புது வீட்டின் வாடகை ஒப்பந்தத்தை இணையுங்கள். 'உடல்நலமில்லை' என்பது நீதிபதிகள் கேட்டுச் சலித்த காரணம்.

மனு போட்டதாலேயே ஜப்தி நின்றுவிடாது. தடை கேட்டுத் தனி மனு வேண்டும்.