தழும்புகளில் எத்தனை வகை உண்டு? லேசர் செய்துகொண்டால் எல்லாமே மறைந்துவிடுமா?

மறையாது. சில தழும்புகளுக்கு லேசர் உதவும். ஆனால் எந்தச் சிகிச்சையும் தழும்பைச் சுவடில்லாமல் அழித்துவிடுவதில்லை. நான் மருத்துவம் படித்ததில்லை. இடது காதுமடலில் வந்த ஒரு தழும்போடு சில ஆண்டுகள் அலைந்ததில் தெரிந்துகொண்டதையும், என் தோல் மருத்துவர் பொறுமையாக விளக்கியதையும் வைத்தே எழுதுகிறேன்.

கல்லூரியில் படித்தபோது காதில் இரண்டாவது துளை குத்திக்கொண்டேன். புண் ஆறிச் சில மாதங்கள் கழித்து, மடலின் பின்புறம் மிளகளவில் ஒரு கட்டி தோன்றி, அரிப்போடு மெல்ல வளர்ந்து சுண்டைக்காய் அளவுக்கு வந்தது. சிறு கட்டிதானே என்று ஒரு மருத்துவமனையில் வெட்டியெடுத்துத் தையல் போட்டு அனுப்பினார்கள். ஓராண்டுக்குள் அதே இடத்தில் நெல்லிக்காய் அளவில் அது திரும்பி வந்தது. கீலாய்டு என்ற பெயரையே அதன் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

காயம் ஆறும்போது உடல் உருவாக்கும் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் அளவோடு நிற்காமல் மிகுந்துபோவதால் தழும்பு புடைக்கிறது. அந்தப் புடைப்பு காயத்தின் எல்லைக்குள்ளேயே நின்றால், ஓரிரு ஆண்டுகளில் தானாகவே தணிய வாய்ப்புண்டு. அறுவைச் சிகிச்சைத் தையல்களின் மேல் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறோம். எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள்ளும் பரவினால் அது கீலாய்டு. அது தானாகத் தணிவது அரிது. காதுமடல், நெஞ்சு, தோள்பட்டை ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். நம்மைப் போன்ற கருமை நிறத்தோருக்கும், குடும்பத்தில் யாருக்கேனும் இருந்தவர்களுக்கும் அது வரும் வாய்ப்பு கூடுதல். வேறெதுவும் செய்யாமல் வெட்டி மட்டும் எடுத்தால் பாதிப் பேருக்கோ அதற்கும் மேற்பட்டோருக்கோ திரும்பி வருகிறது, ஏனெனில் அந்த வெட்டும் தோலுக்கு இன்னொரு காயம்தான்.

எனக்கு இரண்டாம் முறை டிரையம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை, நான்கு முதல் ஆறு வார இடைவெளியில், கட்டிக்குள்ளேயே ஊசியாகச் செலுத்தினார்கள். கெட்டியான கட்டி மருந்தை எளிதில் ஏற்காது என்பதால் முதல் சில ஊசிகள் கண்ணில் நீர் வரவழைத்தன. கட்டி மிருதுவான பிறகு எஞ்சியதை வெட்டியெடுத்து, மறுபடியும் ஊசியும் மடலை அழுத்திப் பிடிக்கும் கிளிப்பும் என்று தொடர்ந்தது. ஊசி போட்ட இடத்தில் தோல் மெலிவதும் வெளுப்பதும் உண்டு. எனக்கும் சிறிது வெளுத்தது. வெட்டியவுடன் கதிர்வீச்சு கொடுக்கும் முறையும் இருக்கிறது. தையல் புண் நன்கு மூடிய பிறகு சிலிக்கோன் தாளை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதமாவது ஒட்டிவைப்பது புடைப்பைத் தடுக்க உதவும். ஒரு வாரம் ஒட்டிவிட்டுப் பலனில்லை என்பவர்களே அதிகம்.

பருத் தழும்பின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே திசு குறைந்துபோய்ப் பள்ளம் விழுகிறது. ஊசியால் குத்தியதுபோல் குறுகி ஆழமாக இறங்கிய குழிகளுக்கு, குழிக்குள் மட்டும் அடர்ந்த அமிலத்தைத் தொட்டு வைக்கிறார்கள். அலைபோல் அகன்று தாழ்ந்தவற்றில், தோலைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை ஊசிமுனையால் அறுத்துவிடுகிறார்கள். நீங்கள் கேட்ட லேசர் இந்தப் பள்ளங்களைச் சமன்செய்யவே அதிகம் பயன்படுகிறது. கருமையான தோலில் அளவு தவறினால் அது புதுக் கருமையை விட்டுச்செல்லக்கூடும் என்பதால், நம் நிறத்தில் செய்து பழகியவரிடம் செல்வது நல்லது. பரு இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே குழிக்குச் செலவழிப்பது, ஒழுகும் கூரையின் கீழ் சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றது.

மூட்டின் மேல் பட்ட தீக்காயத் தழும்பு சுருங்கிக் கையையோ விரலையோ நீட்டவிடாமல் செய்தால், அது அழகு பற்றிய கேள்வியே அல்ல. பயிற்சியும் தேவையெனில் அறுவைச் சிகிச்சையும் உரிய காலத்தில் வேண்டும்.

இன்னொன்று, பரு ஆறிய இடத்தில் மேடோ பள்ளமோ இல்லாமல் தங்கும் கருமை தழும்பே அல்ல. வெயில் படாமல் காத்தால் அது பெரும்பாலும் சில மாதங்களில் மங்கும். அதற்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பை முகத்தில் தடவாதீர்கள். தோல் மெலிந்து, பருவே பெருகும்.

என் மடலில் இப்போது அரிசி அளவில் ஒரு தட்டையான தடிப்பு மட்டும் இருக்கிறது. மூக்குத்தி ஆசையை விட்டுவிட்டேன்.