ஃபேர்பேங்க்ஸில் பாலக் கீரை ஆறே இலையில் பூத்துவிடுவது பற்றி

அலாஸ்காவின் உட்பகுதியிலுள்ள ஃபேர்பேங்க்ஸில் உங்கள் பாலக் சீக்கிரமே பூத்துவிடுகிறது, கூடுதல் உரமிட்டும் நிற்கவில்லை, குளிரா உரக்குறைவா காரணம் என்று கேட்டிருந்தீர்கள். ஜூன் மாதத்தில் உங்கள் பாலக் ஆறு இலை விட்டதுமே பூத்தண்டு நீட்டுவதற்குக் காரணம் குளிரும் அன்று, உரக்குறைவும் அன்று, பகலின் நீளமே. ஆகவே நீங்கள் இட்ட கூடுதல் உரத்தால் அது நிற்காது.

பாலக் நெடும்பகல் தாவரம். பகல் ஏறத்தாழ 14 மணி நேரத்தைத் தாண்டும்போது இலை விடுவதைக் குறைத்துக்கொண்டு பூக்க முனையும். அலாஸ்காவின் உட்பகுதியில் ஜூன் 21-ஐ ஒட்டிப் பகல் ஏறக்குறைய 22 மணி நேரம் நீடிப்பதோடு, எஞ்சிய நேரத்திலும் முழு இருட்டு வருவதில்லை என்பதால், செடிக்கு இரவு என்ற ஒன்றே தெரிவதில்லை.

ஐயமிருந்தால் நடுக்குருத்தை விலக்கிப் பாருங்கள். புதிய இலைகள் அம்புமுனைபோல் கூர்ந்து, கணுக்களுக்கிடையே தண்டு நீண்டிருந்தால் இதுதான். தண்டு குட்டையாகவே இருந்து அடியிலைகள் மட்டும் மஞ்சளித்தால், குளிர்ந்த மண்ணில் தழைச்சத்து கிடைக்காதது காரணமாகலாம்.

தண்டெழுந்த செடி திரும்பாது; இன்றே பறித்துச் சமைத்துவிடுங்கள். அடுத்த விதைப்பில் சில நாற்றுகளை மட்டும் இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை ஒளி புகாத வாளியால் மூடிப் பாருங்கள். எட்டு மணிக்கும் அங்கே வெயில் இருக்குமாதலால், உள்ளே வெப்பம் தேங்காமல் வெளிர்நிற வாளியாக எடுங்கள்.

என்னைக் கேட்டால், இத்தனை பாடு படுவதற்குப் பதில் சுவிஸ் சார்டு என்ற, பீட்ரூட் இனத்துக் கீரையை விதைப்பேன். அது ஈராண்டுச் செடி; முதல் கோடையில் பெரும்பாலும் பூக்காது. ஆனால் இளநாற்றிலேயே பல வாரம் கடுங்குளிர் பட்டால் அதுவும் பூத்துவிடும். அவசரப்பட்டு வெளியே நடாதீர்கள்.