2.9 ஜி.பி.ஏ.வோடு மருத்துவம்: கடிதம்

வணக்கம்.
என் மகள் இங்கே நியூ ஜெர்சியில் உயிரியல் இளங்கலை முடித்துவிட்டாள். முதல் இரண்டு வருஷம் சறுக்கல், பிறகு தேறினாள். 120 கிரெடிட், மொத்தச் சராசரி மதிப்பெண் (ஜி.பி.ஏ.) நான்குக்கு 2.9. டாக்டராக வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். பயோடெக் எம்.எஸ். படித்து ஜி.பி.ஏ.வை ஏற்றலாம் என்கிறார்கள் சிலர். கரீபியன் தீவுகளில் உள்ள மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பு என்கிறார்கள் வேறு சிலர். வருகிற ஜூனில் விண்ணப்பிக்கலாமா?
ஒரு தாய், எடிசன்

அன்புள்ள அம்மா,

வருகிற ஜூன் வேண்டாம். விண்ணப்பம் போகிற நாளில் கையில் இருக்கும் மதிப்பெண்தான் கணக்கில் வரும். மறுவருஷம் திரும்பப் போட்டால், நடுவில் என்ன மாறியது என்று கேட்பார்கள்.

பயோடெக் எம்.எஸ். இந்தக் காரியத்துக்கு உதவாது. எம்.டி. (இங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) கல்லூரிகளின் பொது விண்ணப்பமான ஆம்காஸ், முதுகலை மதிப்பெண்ணைத் தனி வரியில் வைக்கிறது, இளங்கலை 2.9 அசையாது. பட்டத்துக்குப் பின் எடுக்கும் இளங்கலைப் பாடங்கள், அதாவது போஸ்ட்-பேக், மட்டுமே அதில் சேரும். 12 கிரெடிட் முழுக்க 'ஏ' வாங்கினால் 3.0. முப்பது வாங்கினாலும் 3.12தான். 3.0க்குக் கீழே இருந்தால் முதல் வடிகட்டலிலேயே ஒதுக்கும் கல்லூரிகள் உண்டு என்பதால் அந்தக் கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும். அதற்குமேல் மொத்த எண்ணைத் துரத்திப் பயனில்லை.

கல்லூரிகள் பார்ப்பது மதிப்பெண் வருஷா வருஷம் போகும் வரிசையை. ஆம்காஸில் ஒவ்வொரு வருஷமும் தனித்தனியாகத் தெரியும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் சேர்த்துத் தனியாக ஒரு ஜி.பி.ஏ. உண்டு. 2.4, 2.6, 3.2, 3.4 என்று வந்தவள் போஸ்ட்-பேக்கில் 3.9 காட்டினால் அது பேசும். உயிர்வேதியியல், உடலியங்கியல், செல் உயிரியல் போன்ற மேல்நிலைப் பாடங்களை எடுக்கட்டும். முதல் பருவத்தில் இரண்டு, பிறகு மூன்று நான்கு சேர்த்து. பருவத்துக்கு ஒன்றே ஒன்று எடுத்து 'ஏ' வாங்கினால், மருத்துவக் கல்லூரிச் சுமையைத் தாங்குவாள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். கட்டாயப் பாடங்களில் 'சி மைனஸ்' அல்லது அதற்குக் கீழே இருந்தால் மட்டும் திரும்ப எடுக்கலாம். பழைய கிரேடு அழியாது, இரண்டும் எண்ணப்படும். எம்.டி.க்கு இணையான இன்னொரு மருத்துவப் பட்டமான டி.ஓ. தரும் கல்லூரிகளில் பழையது போய்விடும் என்று இன்னும் சொல்கிறார்கள். அந்தச் சலுகை 2017இலேயே முடிந்துவிட்டது. ஆனாலும் டி.ஓ.வுக்கும் கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஐம்பது மாநிலங்களிலும் அதே உரிமம்தான்.

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட், உயிர்வேதியியல் முடிந்த பிறகே. 472 முதல் 528 வரையான அளவில், சேருகிறவர்களின் சராசரியே 511ஐத் தாண்டுகிறது. 2.9 உள்ளவள் அதற்குக் குறையாமல் குறி வைக்க வேண்டும். தேர்வை நடத்தும் ஏ.ஏ.எம்.சி.யின் முழுநீள மாதிரித் தேர்வுகளில் அந்த எண் திரும்பத் திரும்ப வராமல் உட்காரக் கூடாது. எழுதிய ஒவ்வொரு மதிப்பெண்ணும் கல்லூரிகளுக்குத் தெரியும். ஆயுளுக்கு ஏழு முறைதான் எழுத முடியும்.

எம்.எஸ்.ஸில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஜார்ஜ்டவுனில் இருப்பது போன்ற சிறப்பு முதுகலையில் மருத்துவ மாணவர்களோடு முதல் வருஷப் பாடங்களைப் படிக்கலாம். செலவு அதிகம், அங்கே 'பி'க்கள் விழுந்தால் மேலே ஏற வழி இருக்காது. போஸ்ட்-பேக்கும் எம்கேட்டும் நன்றாக அமைந்தும் இடம் கிடைக்காவிட்டால் மட்டும் யோசியுங்கள்.

கரீபியன் கடைசி. 2024இல் வெளிநாட்டில் படித்த அமெரிக்கர்களில் நூற்றுக்கு 67 பேருக்கே ரெசிடென்சி, அதாவது படிப்புக்குப் பின் மருத்துவமனையில் பெறும் கட்டாயப் பயிற்சி இடம், அமைந்தது, இங்கே எம்.டி., டி.ஓ. முடித்தவர்களுக்குத் தொண்ணூறுக்கு மேல். நடுவில் படிப்பை விட்டவர்கள் அந்த நூறில் இல்லை. அவர்கள் கடன் மட்டும் நிற்கும்.

முதல் இரண்டு வருஷத்தைப் பற்றி விண்ணப்பக் கட்டுரையில் இரண்டு வாக்கியம் போதும்: என்ன நடந்தது, எதை மாற்றிக்கொண்டாள். சமுதாயக் கல்லூரியில் ஒரே ஒரு பாடம் படித்திருந்தாலும் அந்த மதிப்பெண் பட்டியலும் போக வேண்டும்.