ரீஸ்லிங்கும் கோழித் தொடையும்

கேள்வி: ஜெர்மனியில் மான்ஹைமில் முதுகலை படிக்கிறேன். ஊரில் ஒயினை ருசித்ததே இல்லை. இங்கே சூப்பர் மார்க்கெட்டில் 3 யூரோவிலிருந்து பாட்டில்கள் இருக்கின்றன. கையைக் கடிக்காமல் எதை வாங்கலாம்? விடுதி அடுப்பில் அதற்கு ஏற்றதாக என்ன சமைக்கலாம்?
– ஒரு மாணவி, மான்ஹைம்

பதில்: இதற்கு உங்கள் ஊரை விட நல்ல ஊர் கிடைக்காது. ரைன் ஆற்றைத் தாண்டினால் ஃபால்ஸ் பகுதியின் திராட்சைத் தோட்டங்கள்தான். ஜெர்மனியில் நுரைக்கும் வகைக்கு உண்டே தவிர சாதாரண ஒயினுக்குக் கலால் வரி கிடையாது. அதனால்தான் இந்த விலை. ஆனாலும் 3 யூரோ பாட்டில் வேண்டாம். 19 சதவீத விற்பனை வரி, கண்ணாடி, லாரி வாடகை, கடை லாபம் எல்லாம் போனால் உள்ளே இருக்கும் ஒயினுக்கென்று சில்லறைதான் மிஞ்சும். இன்னும் 2 யூரோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபால்ஸ் பகுதியின் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினை ஒரு லிட்டர் பாட்டிலாகப் பாருங்கள். தோட்டக்காரர்கள் தினப்படி குடிக்கிற ஒயினை அதில்தான் அடைப்பார்கள். லேபிளில் ‘குட்ஸ்அப்ஃப்யுல்லுங்’ என்றிருந்தால் விளைவித்தவரே அடைத்தது. ‘ட்ரோக்கன்’ என்றால் இனிப்பில்லாதது. நம் கைப்பக்குவத்துக்கு ‘ஃபைன்ஹெர்ப்’ அல்லது ‘ஹால்ப்ட்ரோக்கன்’ வாங்குங்கள். லேசான அந்த இனிப்பு காரத்தைத் தணிக்கும். துவர்ப்பான சிவப்பு ஒயினோ மிளகாயோடு சேர்ந்தால் நாக்கை இன்னும் எரிய வைக்கும்.

சமையலுக்குக் கோழித் தொடை. ஹைடல்பர்க்கில் படித்தபோது எங்கள் விடுதியின் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு இதுதான். உப்பு, மிளகு தடவி, தோல் பக்கம் கீழே இருக்கும்படி எண்ணெயில்லாமல் வாணலியில் வையுங்கள். தோலிலிருந்தே கொழுப்பு இறங்கும். பொன்னிறமாகிற வரை திருப்பாதீர்கள். கோழியை எடுத்துவிட்டு, அந்தக் கொழுப்பிலேயே 2 வெங்காயம், 4 பல் பூண்டு வதக்கி, ஒரு கிளாஸ் ரீஸ்லிங் ஊற்றுங்கள். அடியில் பிடித்த பழுப்பை மரக்கரண்டியால் சுரண்டிக் கரைத்துவிடுங்கள், ருசியெல்லாம் அங்கேதான். அப்புறம் கோழியைத் திரும்பப் போட்டு, மூடி, சிறு தீயில் 35 நிமிடம். கடைசியில் கொஞ்சம் க்ரீம். வேகவைத்த உருளைக்கிழங்கு போதும்.

ஒன்று முக்கியம். அரை மணி நேரம் வெந்தாலும் ஆல்கஹாலில் மூன்றில் ஒரு பங்கு தங்கிவிடும். மதுவைத் தொடாத தோழி சாப்பிட வந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அவருக்குத் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் விட்டுத் தனியாகச் செய்யுங்கள்.

குடிப்பதற்கு முதலில் ‘ஷோர்லே’தான் நல்லது. ஒயினில் சோடா கலந்தது, ஃபால்ஸ்காரர்களின் சொந்தப் பழக்கம். மீதியை மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும், அதற்கு மேல் சமையலுக்கு.